பூர்வகுடி இல்லாத தீவின் மரபுச் செல்வம்

மொரீஷியஸ் நாட்டின் 100 ரூபாய்த் தாளில் இடம்பெற்றிருப்பவர் ரெங்கநாதன் சீனிவாசன் என்னும் தமிழர். வழக்கறிஞராகவும் அரசியல் தலைவராகவும் விளங்கிய அவர், நாடு விடுதலை பெறுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1958இல் காலமானார். 25 ரூபாயில் சீன வம்சாவளியினரான மொய்லின் ழான் ஆ-சூயென், 50 ரூபாயில் பிரெஞ்சுக் குடும்ப வழிவந்த மொரிஸ் பத்துரோ, 200 ரூபாயில் முஸ்லிம் தலைவர் அப்துல் ரசாக் முகமது, 500 ரூபாயில் போஜ்புரி வழி இந்துவான சுக்தேவ் பிசுந்தயால், 1000 ரூபாயில் அடிமைகளின் வழித்தோன்றல்களான கிரியோல் மக்களின் தலைவர் கெய்தான் துவால், 2000 ரூபாயில் முதல் பிரதமர் சிவசாகர் ராம்கூலம் என்று வரிசை நீள்கிறது. தனித்தனியே பார்த்தால் இவர்கள் அனைவரும் மதிக்கத்தக்க பொதுவாழ்வினர். சேர்த்துப் பார்க்கும்போதோ, எந்தச் சமூகமும் விடுபட்டுவிடக் கூடாது என்ற கணக்கு வெளிப்படையாகவே தெரிகிறது. தன் மக்களை இப்படிப் பட்டியலிட்டுச் சட்டைப்பைக்குள் போட்டுக் கொடுத்த நாடுகள் அதிகம் இல்லை.

அந்தக் கணக்கு எவ்வளவு நுட்பமானது என்பதை 1998ஆம் ஆண்டு காட்டியது. தாளின் மதிப்பை ஆங்கிலம், தமிழ், இந்தி ஆகிய மூன்று மொழிகளிலும் அச்சிடுவது அந்நாட்டின் வழக்கம். அவ்வாண்டு வெளிவந்த புதிய தாள்களில் தமிழுக்கு இருந்த மேலிடம் இந்திக்குப் போயிற்று. எங்கள் முன்னோர்தாம் முதலில் இத்தீவுக்கு வந்தவர்கள், எனவே எங்கள் எழுத்துக்கே முதலிடம் என்று தமிழ் அமைப்புகள் கிளர்ந்தெழுந்தன. மத்திய வங்கி அத்தாள்களைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையை மீட்டு, மறு ஆண்டு புதிதாக அச்சிட்டு வெளியிட்டது. போராடியவர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசும் மொழி தமிழன்று என்பதும், அவர்களில் பலரால் அந்தத் தமிழ் எழுத்தை எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்க முடியாது என்பதும் இந்நிகழ்ச்சியின் மிகச் சுவையான பகுதி. மொரீஷியஸின் பண்பாட்டு மரபைப் புரிந்துகொள்ள விரும்புவோர் இந்த முரணிலிருந்தே தொடங்கலாம். பேச்சிலிருந்து நழுவிவிட்ட ஒன்று அடையாளமாக இறுகி, முன்னைவிட வலுவுடன் நிற்பது அத்தீவின் எல்லாச் சமூகங்களிலும் திரும்பத் திரும்பக் காணப்படும் நிகழ்வு.

இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே, ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்த இந்த எரிமலைத் தீவில் பூர்வகுடிகள் எவரும் இருந்ததில்லை. அரபு மாலுமிகளும் போர்த்துகீசியரும் அறிந்திருந்தபோதிலும் அங்கே எவரும் குடியேறவில்லை. 1598இல் கரையிறங்கிய டச்சுக்காரர்கள் தங்கள் இளவரசர் மொரிஸின் பெயரைச் சூட்டி, கரும்பையும் மானையும் கொண்டுவந்து, டோடோ என்னும் பறக்க இயலாப் பறவை அழிந்துபோகக் காரணமாகி, 1710இல் தீவைக் கைவிட்டுச் சென்றனர். 1715இல் பிரெஞ்சுக்காரர்கள் உரிமை கொண்டாடினர். 1735இல் ஆளுநராக வந்த மாஹே தெ லா பூர்தொனே, போர்ட் லூயிஸைத் துறைமுக நகரமாக எழுப்பும்பொருட்டு, மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக் கரையிலிருந்தும் பிடித்துவரப்பட்ட அடிமைகளோடு, புதுச்சேரிப் பகுதியிலிருந்து கொத்தர்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். தமிழர்கள் முதலில் வந்தோம் என்று 1998இல் எழுந்த வாதத்தின் வேர் இந்தக் கைவினைஞர்களிடம் இருக்கிறது. அக்காலத்தில் இந்தியாவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் இருந்தனர் என்பதை அவ்வாதம் பெரும்பாலும் பேசுவதில்லை. வம்ச வரலாற்றைச் சொல்லும்போது சுதந்திரமாக வந்த கைவினைஞரைத்தான் எல்லாரும் முன்னோராகத் தேர்ந்தெடுக்கின்றனர்.

1810இல் ஆங்கிலேயர் தீவைக் கைப்பற்றினர். ஆனால் பிரெஞ்சு மொழி, சட்டம், மதம், நிலவுடைமை ஆகியவற்றைக் கலைக்கவில்லை. இதனால்தான் ஆங்கிலேயர் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆண்ட நாட்டில் செய்தித்தாள்கள் இன்றும் பெரும்பாலும் பிரெஞ்சில் வெளிவருகின்றன. 1835 பிப்ரவரி 1ஆம் நாள் அடிமை முறை ஒழிக்கப்பட்டபோது, 20 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட இழப்பீடு முதலாளிகளுக்குக் கிடைத்தது. விடுதலை பெற்றவர்களுக்குக் கிடைத்ததோ, பயிற்சிக் காலம் என்ற பெயரில் மேலும் நான்காண்டுக் கட்டாய வேலை. அக்காலம் முடிந்தவுடன் அவர்களில் பெரும்பாலோர் கரும்புத் தோட்டங்களைத் திரும்பிப் பாராமல் கடற்கரைகளுக்கும் நகரங்களுக்கும் போய்விட்டனர்.

அவ்விடத்தை நிரப்பியது, விடுதலைக்குச் சற்று முன்பே தொடங்கியிருந்த ஒப்பந்தக் கூலி முறை. குறிப்பிட்ட ஆண்டுகளுக்குக் குறிப்பிட்ட கூலிக்கு வேலை செய்வதாகக் கைநாட்டு வைத்து, அக்காலம் முடியும்வரை முதலாளியை விட்டு விலக முடியாதபடி சட்டத்தால் கட்டப்பட்ட தொழிலாளர் முறை அது. 1834 நவம்பர் 2ஆம் நாள், கல்கத்தாவிலிருந்து அட்லஸ் என்ற கப்பல் 36 தொழிலாளர்களை இறக்கியது. அடிமைகளுக்குப் பதிலாகச் சுதந்திரத் தொழிலாளரைக் கொண்டு கரும்பு விளைவிக்க முடியுமா என்று பிரித்தானியப் பேரரசு பார்த்த அச்சோதனை அதன் கணக்கில் வெற்றி பெற்றதால், பின்னர் கயானா, டிரினிடாட், நேட்டால், ஃபிஜி என்று உலகெங்கும் விரிந்தது. 1834 முதல் 1920 வரை மொரீஷியஸுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர். அவர்களுள் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் சென்னை மாகாணத் துறைமுகங்களில் கப்பலேறிய தமிழர், தெலுங்கர். பெரும்பான்மையோர் பீகார், உத்தரப் பிரதேசப் பகுதிகளின் போஜ்புரி பேசும் மக்கள். மராட்டியர் சிறு தொகையினர். குஜராத்தி முஸ்லிம் வணிகர்களும் ஹக்கா சீனக் கடைக்காரர்களும் தங்கள் செலவில் வந்து சேர்ந்தனர்.

தொழிலாளர்கள் இறங்கிய இடத்தில் 1849இல் கட்டப்பட்ட குடியேற்ற நிலையத்தின் எஞ்சிய பகுதி, ஆப்ரவாசி காட் என்னும் பெயரில் 2006இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பார்க்கப் போகிறவர்களுக்கு அங்கே பிரம்மாண்டம் எதுவும் காத்திருப்பதில்லை. துறைமுகத்தை ஒட்டிய கருங்கல் சுவர்கள், மருத்துவமனைப் பகுதியின் சிதைவுகள், கழிப்பிடங்களின் அடித்தளம், கடலிலிருந்து ஏறிவரும் 16 படிகள் ஆகியவையே இருக்கின்றன. கோயிலோ கோட்டையோ இல்லாத ஒரு பதிவு அலுவலகத்தை ஒரு தேசம் தன் புனித இடமாகக் கொண்டிருப்பது யோசிக்கத்தக்கது. அங்கே நடந்த செயல்களுள் நீண்ட விளைவுடையது பெயரெழுதுதல். குப்பன், முத்து, ஆறுமுகம், வீரப்பன் என்று வந்தவர்கள் சொன்ன பெயர்கள், ஆங்கில, பிரெஞ்சுக் காதுகள் வழியே எழுத்தர்களின் பேரேட்டில் ஏறி, கூப்பென், மூத்தூ, அர்மூகும், வீராப்பென் என்ற குடும்பப் பெயர்களாக உறைந்துபோயின. தலைமுறைதோறும் மாற வேண்டிய தந்தை பெயர் அப்படியே நின்றுவிட்டதால், ஒரு கப்பல் பயணியின் பெயர் இன்று நூற்றுக்கணக்கான குடும்பத்தினரின் முகவரி ஆகியிருக்கிறது. பேரேடுகளும், 1860களுக்குப் பின் தொழிலாளரைக் கண்காணிப்பதற்காக எடுக்கப்பட்ட நிழற்படங்களும் மோக்கா நகரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. கண்காணிப்புக்காகத் தொகுக்கப்பட்டவை கொள்ளுப் பேரர்கள் தம் ஊர்ப் பெயரைத் தேடும் நூலகமாகிவிட்டன. தோட்டங்களில் அந்தப் பெயர்கள் சந்தித்த வன்முறைக்கு 1943 செப்டம்பர் 27 ஒரு சான்று. பெல் வியூ ஆரெல் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டுத் திரண்டவர்கள்மீது காவல்துறை சுட்டதில், கருவுற்றிருந்த அஞ்சலை கூப்பென் என்ற தொழிலாளியும் வேறு சிலரும் உயிரிழந்தனர். அருகில் கட்டப்பட்ட விளையாட்டரங்கம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

தமிழரின் மரபு அத்தீவில் எதில் தங்கியது என்று கேட்டால், ஐயத்துக்கிடமின்றி வழிபாட்டில் என்றே சொல்ல வேண்டும். அதன் உச்சம் தைப்பூசக் காவடி. அரசு விடுமுறைப் பட்டியலில் அவ்விழாவின் பெயரே தைப்பூசக் காவடி என்றுதான் இருக்கிறது. கொடியேற்றத்திலிருந்து பத்து நாள் புலாலும் மதுவும் நீக்கி விரதம் இருந்து, விழா நாள் காலையில் ஆற்றங்கரையில் அல்லது நீர்நிலை ஓரத்தில் கூடுகின்றனர். அங்கே முதலில் கண்ணைக் கவர்வது நிறம். தமிழ்நாட்டு முருக பக்தரின் பச்சையோ காவியோ அன்றி, ஆண், பெண், குழந்தை அனைவரும் கத்தரிப்பூவுக்கும் ரோஜாவுக்கும் இடைப்பட்ட பளிச்சென்ற இளஞ்சிவப்பு உடையில் இருக்கின்றனர். வளைவான மரச் சட்டத்தில் பூவும் குருத்தோலையும் கட்டி, இரு பக்கமும் பால் நிறைந்த பித்தளைச் செம்புகளைத் தொங்கவிட்டதே அங்குள்ள காவடியின் பொது வடிவம். நாக்கிலும் கன்னத்திலும் வேல் குத்திக்கொள்வோர், முதுகில் கொக்கிகளால் எலுமிச்சம்பழங்களைக் கோத்துக்கொள்வோர், நேராக ஆணிகள் நிறுத்திய மரச் செருப்பில் நடப்போர் ஆகியோரும் உண்டு. தென்னரைக்கோளக் கோடையின் உச்சியில், தார்ச் சாலையில், பல மணிநேரம் நடந்து கோயிலை அடைந்த பிறகு செம்பைத் திறந்து பார்க்கும் கணத்துக்காகத்தான் குடும்பமே காத்திருக்கிறது. பால் திரியாமல் இருந்தால் விரதத்தை முருகன் ஏற்றுக்கொண்டான் என்பது நம்பிக்கை. காத்ர் போர்ன் நகருக்கருகே கோர் தெ கார்த் மலைச்சரிவில் அமைந்த முருகன் கோயிலில் இறுதிப் பகுதி முழுவதும் படியேற்றம் என்பதால், மலைமேல் முருகன் என்ற பழந்தமிழ் மரபு அங்கே புவியியல் ரீதியாகவே மீட்கப்பட்டிருக்கிறது.

காவடி எடுப்போரில் தமிழ் வம்சாவளியைச் சேராதவர்களும் உள்ளனர். வேண்டுதலின் பொருட்டுக் கத்தோலிக்கக் கிரியோல் குடும்பங்களும் சீனக் குடும்பங்களும் விரதம் இருந்து பால் செம்பு சுமப்பது அத்தீவில் வியப்புக்குரிய செய்தியன்று. விழா முடிவில் கோயிலில் அளிக்கப்படும் உணவு இன்னும் பரவலான உடைமை. ஏழு கறி என்று பொருள்படும் செத் கரி என்னும் பிரெஞ்சு-கிரியோல் பெயரால் அது வழங்குகிறது. வாழையிலையில் சோற்றைச் சுற்றிப் பூசணி, வாழைக்காய், பலாக்காய் முதலியவற்றின் கூட்டும் கறியும் பரிமாறி, ரசமும் பாயசமும் சேர்க்கும் இச்சாப்பாடு, கோயில் எல்லையைத் தாண்டித் திருமணங்களிலும் உணவகங்களிலும் நாட்டின் பொது விருந்தாகியிருக்கிறது. ரசம் அங்கே ரசோன் ஆகியிருக்கிறது, புளிப்பு மாறவில்லை.

இவ்வளவு செறிவான வழிபாட்டுக்கு நடுவே மொழி எங்கே போயிற்று என்ற கேள்வி தமிழ் வாசகர்க்கு எழுவது இயல்பு. தோட்டங்களில் பல மொழியினர் ஒன்றாக வாழ்ந்தபோது, அடிமைக் காலத்திலேயே பிரெஞ்சுச் சொற்களை ஆப்பிரிக்க, மலகாசி நாவுகள் தம் வழியில் வளைத்து உருவாக்கியிருந்த கிரியோல் மொழி அனைவருக்கும் பாலமாயிற்று. 2011 கணக்கெடுப்பில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் வீட்டில் கிரியோல் பேசுவதாகத் தெரிவித்தனர். கோயில்களில் தேவாரமும் திருப்புகழும் ஒலிக்கின்றன. ஆனால் பாடுவோரில் பலர் கையில் வைத்திருப்பது ரோமன் எழுத்தில் எழுதப்பட்ட ஏடு. இதன் இன்னொரு விளைவு இந்தியாவிலிருந்து போகிறவர்களைத் திகைக்க வைப்பது: மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் மதம் என்ற தலைப்பின்கீழ் இந்து என்பதற்குத் தனியாகவும் தமிழ் என்பதற்குத் தனியாகவும் இடம் உண்டு. அவ்வாறே தெலுங்கும் மராட்டியும் மதங்களாகப் பதிவாகின்றன. நாவிலிருந்து போன மொழி நெற்றியில் ஏறிக்கொண்டது என்று சொல்லலாம். தமிழகத்து மொழிப்பற்றாளர்கள் இதை இழப்பின் கதையாக மட்டும் வாசிக்கப் பழகியிருக்கின்றனர். அவ்வாசிப்பு பாதி உண்மையே. கப்பலில் ஏறியவர்களிடம் மொழியைக் காக்கும் பள்ளியோ அச்சகமோ இல்லை. உடலால் செய்யக்கூடிய விரதமும் நடையும் சமையலும் இருந்தன. உடலால் செய்தவை பிழைத்தன.

போஜ்புரி வழியினரின் நிலையும் இதற்கு வெகு தொலைவில் இல்லை. 2000இல் 12 விழுக்காட்டினர் வீட்டில் பேசிய போஜ்புரி, 2011இல் 5 விழுக்காடு அளவுக்குக் குறைந்துவிட்டது. ஆயினும் அம்மொழியில் மட்டுமே நடக்கக்கூடிய ஒரு சடங்கு உயிருடன் இருக்கிறது. கீத்-கவாய் எனப்படும் அது, திருமணத்துக்கு முன் மணமக்களின் வீட்டில் பெண்கள் கூடிப் பாடும் நிகழ்ச்சி. சுமங்கலிகள் ஐவர் மஞ்சள், அரிசி, புல், காசு ஆகியவற்றைத் துணியில் வகைப்படுத்தி வைக்க, மற்றவர்கள் தெய்வங்களைப் பாடுகின்றனர். இடத்தைத் தூய்மைப்படுத்தி, டோலக் என்னும் இருமுக மத்தளத்தை வணங்கிய பிறகு, பாட்டு வேகம் பிடித்து, கேலியும் ஆட்டமுமாக மாறுகிறது. 2016இல் யுனெஸ்கோ இதனை மானுடத்தின் தொட்டுணர முடியா மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. சமூகப் பெரியோர் முன்னிலையில் பெண்கள் வாய்விட்டுச் சொல்லக் கூடாதவற்றையெல்லாம் பாட்டில் சொல்ல அச்சடங்கு இடம் தந்திருந்தது என்பதே அது நிலைத்ததற்குப் பெரிய காரணமாக இருக்க வேண்டும்.

தெருவுணவில் இந்தச் சமூக எல்லைகள் ஏறக்குறைய மறைந்துவிடுகின்றன. மொரீஷியஸின் தேசிய உணவு எது என்று கேட்டால் பெரும்பாலோர் சொல்வது தோல் பூரி. மஞ்சள் பட்டாணிப் பருப்பை வேகவைத்து, உதிரியாக அரைத்து, மாவுக்குள் பொதிந்து, கை தெரியும் அளவுக்கு மெல்லியதாகத் தேய்த்துத் தோசைக்கல்லில் சுட்டெடுப்பது அது. விற்பவர் ஒன்றை எடுத்துக் கொடுப்பதில்லை. இரண்டிரண்டாக, ஒன்றன்மேல் ஒன்றை வைத்து, பெரிய வெள்ளை அவரைக் கறியும் தக்காளிச் சாறான ருகாயும் மிளகாய்த் துவையலும் தடவி, சுருட்டித் தாளில் மடித்துத் தருகிறார். பீகாரின் பருப்புப் பூரிக்கும் இதற்கும் உள்ள உறவு வெளிப்படை. ஆனால் பீகாரில் கடலைப் பருப்பு இருந்த இடத்தைத் தீவில் பட்டாணிப் பருப்பு பிடித்திருக்கிறது. காலை வேளையில் காத்தோ பிமான் என்னும் மிளகாய் உருண்டையை வெண்ணெய் தடவிய பிரெஞ்சு ரொட்டிக்குள் அழுத்தி உண்கின்றனர். பருப்பு வடையை அறிந்தவர்களுக்கு அதன் ஊரைச் சொல்லத் தேவையில்லை. சீனரின் வறுத்த நூடுல்ஸும், முஸ்லிம் சமையலின் உருளைக்கிழங்கு சேர்ந்த பிரியாணியும், பாலில் சப்ஜா விதை மிதக்கும் அலூடா பானமும் போர்ட் லூயிஸ் மத்தியச் சந்தையில் அடுத்தடுத்து விற்கப்படுகின்றன. தீபாவளிக்குச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு மாவில் தேங்காய்ப் பூரணம் வைத்துச் சோமாசி வடிவில் பொரித்த காத்தோ பதாத் அண்டை வீடுகளுக்குப் போகிறது. சீனப் புத்தாண்டில் ஒட்டும் அரிசிமாவுப் பணியாரமும், ரம்ஜானில் பிரியாணியும் எதிர்த்திசையில் வருகின்றன.

புனிதத் தலங்களிலும் இத்தகைய போக்குவரத்து உண்டு. நார்மண்டியில் மருத்துவராக இருந்து பாதிரியாராகி, 1841இல் தீவுக்கு வந்து, விடுதலை பெற்ற அடிமைகளின் மொழியைக் கற்று அவர்களிடையே பணியாற்றிய ழாக்-தெசிரே லவாலின் கல்லறை போர்ட் லூயிஸின் சேன்ட் குருவா பகுதியில் இருக்கிறது. அவர் மறைந்த 1864 செப்டம்பர் 9ஐ நினைவுகூர்ந்து, ஆண்டுதோறும் முந்தைய இரவிலிருந்தே தீவின் நாலா பக்கமிருந்தும் மக்கள் நடந்து வருகின்றனர். அவர்களில் இந்துக்களும் முஸ்லிம்களும் சீனர்களும் உண்டு. மகா சிவராத்திரிக்குக் கங்கா தலாவ் என்னும் எரிமலைவாய் ஏரிக்கு வெள்ளுடையில் நடக்கும் லட்சக்கணக்கானோருக்கு வழிநெடுகத் தண்ணீரும் பழமும் கொடுப்போரில் பிற மதத்தினரும் இருப்பது அதே பழக்கத்தின் மறுபக்கம். அரசியல் மேடைகள் இவற்றைச் சுட்டிக்காட்டி வானவில் தேசம் என்று பெருமை பேசுவது வழக்கம். அப்பெருமையில் உண்மை இருக்கிறது. ஆனால் வானவில்லில் நிறங்கள் கலப்பதில்லை என்பதையும், கலந்து பிறந்தவர்களுக்கு அதில் எந்தப் பட்டை என்பதையும் அம்மேடைகள் கேட்பதில்லை.

கிரியோல் மக்களின் கதை அங்கேதான் தனிக்கிறது. அடிமைகளாக வந்தவர்களின் வழித்தோன்றல்களுக்குத் திரும்பிப் பார்க்க ஊர்ப் பெயர் இல்லை, பேரேட்டில் முழுப்பெயர் இல்லை, மூதாதையர் மொழி என்று பள்ளியில் கற்க ஒன்று இல்லை. அவர்கள் உருவாக்கியதை அத்தீவிலேயே உருவாக்க வேண்டியிருந்தது. ஆகவே வேறெங்கிருந்தும் வராத, முழுக்க மொரீஷியஸுக்கே உரிய மரபு அவர்களுடையதே. செகா என்னும் ஆடலும் பாடலும் அதன் மையம். கரும்பு வேலை முடிந்த இரவுகளில் கடற்கரையில் தீ மூட்டி அடிமைகள் ஆடியதாக வரலாறு கூறும் செகாவில், ஆணும் பெண்ணும் எதிரெதிரே நின்று, தொடாமல், பாதத்தைத் தரையிலிருந்து பெரிதாகத் தூக்காமல் இழைத்து இழைத்து நெருங்கி விலகுகின்றனர். ராவான் என்னும் வட்டமான ஆட்டுத்தோல் பறை, கரும்புத் தட்டைகளால் செய்த பெட்டிக்குள் விதைகளைப் போட்டுக் குலுக்கும் மராவான், முக்கோண உலோகக் கம்பி ஆகிய மூன்றே கருவிகள். வாசிப்பதற்கு முன் ராவானைத் தீயின் அருகே பிடித்துத் தோலை இறுக்குவதைப் பார்க்கும் தமிழருக்குப் பறை காய்ச்சும் காட்சி நினைவில் எழாமல் இராது. தோட்ட முதலாளிகளும் திருச்சபையும் நெடுங்காலம் செகாவைக் கீழான கூத்தாகவே கருதினர். 1964 அக்டோபரில் லெ மோர்ன் மலையடிவாரத்தில் நடந்த செகா இரவில் தி ஃப்ரேர் என்று அழைக்கப்பட்ட பாடகர் செகாவின் அரசராக முடிசூட்டப்பட்டபோதுதான் பொதுமதிப்பு திரும்பத் தொடங்கியது. யுனெஸ்கோவின் ஏற்பு 2014இல் வந்தது. சுற்றுலா விடுதிகளில் வண்ணப் பாவாடை சுழல மின்கிட்டாருடன் ஆடப்படுவது அதன் சந்தை வடிவம். அதைக் கண்டு மட்டும் செகாவை எடைபோடுவது நியாயமன்று.

லெ மோர்ன் என்பது தீவின் தென்மேற்கு முனையில் கடலுக்குமேல் 556 மீட்டர் செங்குத்தாக நிற்கும் மலை. தப்பியோடிய அடிமைகள் அதன் குகைகளிலும் உச்சியிலும் ஒளிந்து வாழ்ந்தனர். விடுதலைச் செய்தியைச் சொல்ல 1835இல் வந்த காவலர்களைத் தங்களைப் பிடிக்க வந்தவர்களாகக் கருதி, பலர் உச்சியிலிருந்து குதித்து மாண்டனர் என்பது வாய்மொழி வரலாறு. ஆவணம் கிடைக்காத இந்நிகழ்வைக் கிரியோல் மக்கள் ஒருபோதும் ஐயுற்றதில்லை. 2008இல் அம்மலையும் உலக மரபுச் சின்னமாயிற்று. ஆப்ரவாசி காட் அதற்கு ஈராண்டு முன்னதாகவே பட்டியலில் ஏறிவிட்டது என்பதைத் தீவில் பலர் வெறும் தற்செயலாகக் கருதவில்லை.

அந்த மனக்கசப்பு 1999இல் தெருவுக்கு வந்தது. செகாவையும் ஜமைக்காவின் ரெகேவையும் இணைத்துச் செகே என்னும் இசைவகையை உருவாக்கிய காயா என்ற பாடகர், பிப்ரவரி 21ஆம் நாள் காவல் நிலையச் சிறையில் இறந்துகிடந்தார். தொடர்ந்த நாள்களில் தீவெங்கும் கலவரம் வெடித்து, உயிர்கள் பலியாயின. பொருளாதார வளர்ச்சி கிரியோல் ஏழைகளின் வாசலைத் தொடவில்லை என்ற உண்மை வெளிப்பட்டது. அடிமை முறையும் ஒப்பந்தக் கூலி முறையும் விட்டுச்சென்ற வடுக்களை ஆராய அரசு அமைத்த உண்மை மற்றும் நீதி ஆணையம் 2011இல் அறிக்கை அளித்தது. லா பூர்தொனே காலத்து இராணுவ மருத்துவமனைக் கட்டடத்தில் அடிமை முறைக்கான அருங்காட்சியகம் திறக்கப்பட 2023 ஆயிற்று.

அரசமைப்புச் சட்டத்தின் ஏற்பாடும் இக்கதையோடு பிணைந்தது. நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படும் 62 உறுப்பினர்களோடு, தோற்றவர்களில் சிறந்தோர் என்ற முறையில், போதிய இடம் பெறாத சமூகங்களுக்கு எட்டு இடங்கள்வரை வழங்கப்படுகின்றன. இதற்காக மக்கள் நான்கு வகையினராகப் பகுக்கப்பட்டனர்: இந்துக்கள், முஸ்லிம்கள், சீன-மொரீஷியர்கள், இம்மூன்றில் எதையும் சேர்ந்தவராகத் தம் வாழ்க்கை முறையால் தோன்றாத எவரும் பொது மக்கள் என்னும் நான்காம் வகை. தீவின் மொழியையும் இசையையும் படைத்தவர்களைச் சட்டம் மிச்சமானவர்கள் என்று வரையறுத்திருக்கிறது. வெள்ளை நிலவுடைமையாளரும் அடிமைகளின் வழித்தோன்றலும் அதே பெட்டிக்குள் இருக்கின்றனர். சமூகம் கேட்டு எடுக்கப்பட்ட கடைசிக் கணக்கெடுப்பு 1972இல் நடந்தது. அந்தப் பழைய எண்களைக் கொண்டே இன்றும் இடங்கள் பகிரப்படுகின்றன. வேட்பாளர் தம் சமூகத்தை அறிவித்தே தீர வேண்டும் என்ற விதி உரிமை மீறல் என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2012இல் கருத்துரைத்த பின், 2014 தேர்தலுக்கு மட்டும் விலக்கு அளித்துத் திருத்தம் வந்தது. சிறுபான்மையினருக்கு அவ்வேற்பாடு பாதுகாப்பாக இருந்தது என்று வாதிடுவோர் கூறுவதை எளிதில் தள்ளிவிட முடியாது. விடுதலையை ஒட்டிய கலவர ஆண்டுகளை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அது வெற்றுச் சொல்லன்று.

இதே 2012இல் கிரியோல் மொழி தொடக்கப் பள்ளிகளில் விருப்பப் பாடமாக்கப்பட்டது. அதுவரை வகுப்பறையில் ஆங்கிலமும் பிரெஞ்சும் கட்டாயம். தமிழ், இந்தி, உருது, தெலுங்கு, மராட்டி, சீனம், அரபு முதலியவை விருப்பப் பாடங்கள். குழந்தைகள் அனைவரும் விளையாட்டு மைதானத்தில் பேசிய மொழிக்கு மட்டும் இடமில்லை. அந்தக் குறை தீர்ந்தது. ஆனால் கிரியோலுக்கு ஒதுக்கப்பட்டது அந்த ஆசிய மொழிகளுக்கு உரிய அதே பாடவேளை. ஆகவே ஆறாவது தலைமுறைத் தமிழ்க் குழந்தை ஒன்றின் பெற்றோர், வீட்டில் பேசும் மொழியை எழுதக் கற்பதா, கோயிலில் பாடும் மொழியைப் படிக்கக் கற்பதா என்பதை ஒன்றாம் வகுப்பிலேயே முடிவு செய்து படிவத்தில் குறித்துத் தர வேண்டியிருக்கிறது.